வேலி பிடுங்குற மாசம்

போன அக்டோபர் கடைசி சனிக்கிழமை கிரிண்டல்வால்டுங்கற சுவிஸ் மலையூர்ல ஒரு சரிவுல காலைல எட்டரைக்கு ஆரம்பிச்சு வெளிச்சம் போற வரைக்கும் வேலிக்கம்பு பிடுங்கினேன். கம்பை ரெண்டு பக்கமும் ஆட்டணும், மண்ணு இளகினதும் நேரா மேல தூக்கணும், கம்பியை சக்கரத்துல சுத்தணும், பத்துப் பத்துக் கம்பா கட்டி மாட்டுக் கொட்டாய் ஓரமா அடுக்கணும். மாட்டுக்காரப் பெரியவர் முன்னாடி போயிட்டே இருந்தார், அவருக்கு எழுபது வயசு தாண்டியிருக்கும், நான் ஒரு கம்பு எடுக்குறதுக்குள்ள அவர் மூணு எடுத்துடுவார்.

ஏன் பிடுங்கணும்னா டிசம்பர்ல அந்தச் சரிவு ஸ்கீ பழகுற இடமா மாறிடும். கம்பை அப்படியே விட்டா பனி அழுத்தி ஒடைச்சுடும், அதைவிட முக்கியம், மேலருந்து வர்றவங்க மோதிடுவாங்க. ஒரு கட்டத்துல முதுகு நிமித்தி சுத்திப் பாத்தேன், கீழ ஒத்தையா ஒரு மரம், வலது பக்கம் ஒரு கொட்டாய், எதிர்ல ஐகர் மலை, அப்பதான் பிடிபட்டுச்சு, எட்டு வருஷம் முன்னாடி நான் ஸ்கீ கத்துக்கிட்டது இதே இடத்துலதான். அந்த மரத்தைப் பாத்துத்தான் பிரேக் போடணும்னு டீச்சர் சொல்லுவாங்க. எட்டு வருஷமா எனக்குத் தெரிஞ்ச இடம், ஆனா அதுக்கு அடியில என்ன இருக்குன்னு அன்னிக்குத்தான் குனிஞ்சு பாத்தேன். புல்லு, சாணி, எலி வளை, அப்புறம் நிறைய ஈரம்.

"சுவிஸ் வந்தா எந்த மாசம் வரணும்?"னு ஊர்லருந்து யாராவது மாசத்துக்கு ஒருத்தர் வாட்ஸப்ல கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு வரி அனுப்பி அனுப்பி எனக்கே திருப்தி இல்லாமப் போச்சு, அதான் இங்க விலாவாரியா எழுதிடுறேன். நான் இருக்குறது பெர்ன்ல, மத்த மலையூர் நாலஞ்சு போயிருக்கேன், ஆனா வருஷம் பன்னெண்டு மாசமும் போய்ப் பாத்தது கிரிண்டல்வால்டு ஒண்ணுதான், அதனால அதை மட்டுமே சொல்றேன்.

முதல்ல இடம். கடல் மட்டத்துலருந்து 1,034 மீட்டர், கிட்டத்தட்ட 4,000 பேர் இருக்குற ஊரு. தெற்குல 3,967 மீட்டர் ஐகர், கிழக்குல வெட்டர்ஹோர்ன், வடக்குல வெயில் விழுற புல்வெளிச் சரிவு, அந்தப் பக்கத்துக்குப் பேரு ஃபிர்ஸ்ட். ரயில் வந்தது 1890-ல. இன்டர்லாகன் ஓஸ்ட்ல ஏறினா அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும், ஆனா ஸ்வைலூச்சினன்ங்கற ஸ்டேஷன்ல ரயிலு ரெண்டாப் பிரிஞ்சு ஒரு பாதி லவுட்டர்புருன்னன் போகும், இன்னொரு பாதிதான் கிரிண்டல்வால்டு, பெட்டியில எழுதியிருக்குறதைப் பாத்துட்டு ஏறுங்க. நம்ம ஊர் டூர் குரூப் பெரும்பாலும் இந்த ஊரைத் தாண்டித்தான் போவாங்க, டெர்மினல்ங்கற ஸ்டேஷன்ல இறங்கி, 2020 டிசம்பர்ல தொறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார்ல 15 நிமிஷத்துல மேல ஏறி, அங்கருந்து மலையைக் குடைஞ்சு போற ரயில்ல யுங்ஃப்ரவ்யோக், 3,454 மீட்டர், போட்டோ, சூடா ஒரு சாப்பாடு, திரும்பி பஸ். 1912-ல தொறந்த பாதை அது, பாறைக்குள்ள அந்தக் காலத்துல அப்படி ஒரு ரயில் விட்டது சாதாரணக் காரியம் இல்ல, கண்டிப்பா பாக்க வேண்டியதுதான். ஆனா அந்த ஒரு நாள்ல ஊரைப் பாத்ததா ஆகாது.

குளிர்காலத்துலருந்தே ஆரம்பிக்குறேன், எல்லாரும் அதைத்தானே கேக்குறீங்க.

டிசம்பர் பாதியிலருந்து ஏப்ரல் வரைக்கும் ஸ்கீ. கிரிண்டல்வால்டு, வெங்கன், மியூரன் எல்லாம் சேத்து 200 கிலோமீட்டருக்கு மேல பாதை. ஆனா முதல் தடவை வர்றவங்களுக்கு அந்தக் கணக்கு எதுக்கும் உதவாது, உங்களுக்குத் தேவை 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு சின்னச் சரிவு, பொறுமையான டீச்சர், நல்ல கையுறை. போட்மின்னு ஊருக்கு மேல ஒரு இடம் இருக்கு, குழந்தைங்க கூட்டம் கூட்டமா வாத்துக்குஞ்சு மாதிரி வரிசையா இறங்கும், நடுவுல பெரியவங்களும் பழகுவாங்க. நான் முப்பத்திமூணு வயசுல அங்கதான் கத்துக்கிட்டேன். முதல் நாள் முட்டி, இடுப்பு, பின்பக்கம்னு ஒண்ணு விடாம வலிச்சுது. மூணாவது நாள் ஏதோ ஒரு தருணத்துல கால் ரெண்டும் தானா திரும்புச்சு, அது வரைக்கும் பனிகூட சண்டை போட்டுட்டிருந்த உடம்பு சட்டுன்னு அதோட சேந்து போக ஆரம்பிச்சுது. சைக்கிள் கத்துக்கிறப்ப அப்பா பின்னாடி சீட்டை விட்டுட்டது தெரியாம நாம ஓட்டிட்டுப் போவோமே, அந்த நிமிஷம் மாதிரி.

பக்கத்து வெங்கன்ல ஜனவரி நடுவுல லவுபர்ஹோர்ன் ஸ்கீ பந்தயம் நடக்கும், 1930-லருந்து நடக்குது, 4.4 கிலோமீட்டருக்கு மேல, உலகக் கோப்பை டவுன்ஹில்லயே நீளமான பாதை. 2013-ல யோஹான் க்ளாரேங்கற பிரெஞ்சுக்காரர் அதுல மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகம் தொட்டாரு. வேலி ஓரம் நின்னு பாத்தா ஆள் வர்றது தெரியாது, முதல்ல சத்தம் வரும், துணி கிழியுற மாதிரி, திரும்பறதுக்குள்ள ஆள் போயிடுவாரு.

ஆனா எனக்குக் குளிர்காலத்துல உசுரு ஸ்கீ இல்ல, ஸ்லெட்ஜ், உக்காந்து பனியில சறுக்கிட்டுப் போற வண்டி. அதுலயும் பிக் பின்டன்ஃபிரிட்ஸ்னு ஒரு பாதை, 15 கிலோமீட்டர். ஃபிர்ஸ்ட் வரைக்கும் கோண்டோலாங்கற சின்ன கேபிள் கார்ல போயி, அங்கருந்து மரத்துல செஞ்ச ஸ்லெட்ஜை கயித்துல கட்டி இழுத்துட்டு ரெண்டரை மணி நேரம் நடந்து ஃபவுல்ஹோர்ன் பக்கம் ஏறணும், ஃபவுல்ஹோர்ன் உச்சி 2,681 மீட்டர், அங்க 1830-லருந்தே ஒரு மலை ஓட்டல் இருக்கு. வழியில பாக்ஆல்ப்சே ஏரி பனிக்கு அடியில மூடிக் கிடக்கும், ஏரி இருக்குன்னே தெரியாது, வெறும் வெள்ளைத் தட்டு. நாங்க பிளாஸ்க்ல சுக்குக் காபி கொண்டு போவோம், மேல உக்காந்து அதைக் குடிக்கிறப்ப கருப்பட்டி வாசம் அந்தக் குளிர்ல தனியா நிக்கும். அப்புறம் இறக்கம். உக்காந்து, குதிகாலை பிரேக்கா வெச்சுக்கிட்டு, புஸ்ஆல்ப் வழியா ஊர் வரைக்கும் கிட்டத்தட்ட 1,600 மீட்டர் உயரம் கீழ இறங்குவோம், காடு வரும், கொட்டாய் வரும், மாட்டுத் தொட்டி பனியில புதைஞ்சு விளிம்பு மட்டும் தெரியும். ஸ்கீ கத்துக்க நேரமோ காசோ இல்லாதவங்க இதைப் பண்ணுங்க, நடக்கத் தெம்பும் நல்ல ஷூவும் இருந்தாப் போதும். ஹெல்மெட் கட்டாயம் போடுங்க, பாதி பேர் போடாம வர்றாங்க, எனக்கு அதைப் பாக்கவே பயமா இருக்கும்.

இந்த ஊருக்கே சொந்தமான ஒரு வண்டி இருக்கு, வெலோகேமல். சக்கரத்துக்குப் பதிலா மரச் சட்டம் வெச்ச சைக்கிள், பெடல் கிடையாது. கிறிஸ்டியான் பியூல்மன்னு இந்த ஊர் மரத்தச்சர் 1911-ல செஞ்சது. அவருக்கு நடக்க சிரமம், பனிக்காலத்துல வீட்டுலருந்து வெளிய போய் வர வழி வேணும்னு யோசிச்சு செஞ்சாரு. அப்புறம் தபால்காரர் ஓட்டினார், பிள்ளைங்க அதுலயே பள்ளிக்கூடம் போச்சுங்க, இப்ப வருஷா வருஷம் பிப்ரவரில இதுக்கு உலக சாம்பியன்ஷிப்பே வெக்குறாங்க. வாடகைக்குக் கிடைக்கும். நடக்க முடியாத ஒருத்தர் செஞ்ச வண்டியில ஊரே நூறு வருஷத்துக்கு மேல ஓடிட்டிருக்குங்கறது எனக்கு அந்த மலையை விடப் பெருசாத் தோணும்.

ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்லிடுறேன். பாதையை விட்டு வெளிய, அந்தத் தொடாத வெள்ளைப் பனியில போகணும்னு ஆசை வரும். டாவோஸ்ல இருக்குற பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்துல தினமும் சாயங்காலம் 5 மணிக்கு அபாய அறிவிப்பு போடும், காலைல 8 மணிக்கு மறுபடி, 1-லருந்து 5 வரைக்கும் அளவு. 5-க்குத்தான் பயப்படணும்னு நெனைக்காதீங்க, 3 போட்டிருக்குற நாள்லதான் நிறைய சாவு, ஏன்னா 3-ன்னா பரவால்லன்னு ஜனங்க கெளம்பிடுறாங்க. பனிக்கு அடியில மாட்டினா முதல் 10, 15 நிமிஷம்தான் நம்பிக்கை, அதுக்குள்ள கூட வந்தவங்க தோண்டி எடுத்தாத்தான் உண்டு, ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். சிக்னல் கருவி, குத்திப் பாக்குற கம்பி, மண்வெட்டி மூணும் இல்லாம, அதைப் பழகாம, வழிகாட்டி இல்லாம போகாதீங்க. 1414, இது சுவிஸ் மலை மீட்பு ஹெலிகாப்டர் நம்பர், வருஷம் முழுக்க வேலை செய்யும், இப்பவே போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

சரி, இப்ப அண்ணையைப் பத்தி சொல்லணும், அவர் இல்லன்னா நானும் ஜனவரி ஆளாவே இருந்திருப்பேன்.

பெர்ன் ஐரோப்பா பிளாட்ஸ்ல ஞானலிங்கேச்சுரர் கோயில் இருக்கு, அங்க பந்தியில பரிமாறுறப்பதான் பழக்கம். யாழ்ப்பாணத்துக்காரர், 1986-ல வந்தவர், கிரிண்டல்வால்டுல ஒரு ஓட்டல் சமையலறையில பாத்திரம் கழுவ ஆரம்பிச்சு அதே அடுப்படியில சமையல்காரரா ரிட்டயர் ஆனவர். அந்தக் காலத்துல சுவிஸ் ஓட்டல் சமையலறைகள்ல ஈழத்துப் பிள்ளைங்க இல்லாத இடமே கம்மி. நான் ஸ்கீ கதையெல்லாம் சொல்லிட்டிருந்தேன், பொறுமையாக் கேட்டுட்டு சொன்னார், "தங்கச்சி, நீங்கள் போறது எல்லாம் சனம் போற நேரம். சனம் போனாப்பிறகு ஒருக்கா போய்ப் பாருங்கோ. அப்பதான் அந்த ஊர் மூச்சு விடும்."

அவர் சொன்னது ஸ்விஷன்சைசோன்னு ஜெர்மன்ல சொல்லுற இடைக்காலம். ஈஸ்டர் முடிஞ்சதும் மே நடு வரைக்கும் ஒண்ணு, அக்டோபர் கடைசியிலருந்து டிசம்பர் வரைக்கும் இன்னொண்ணு. கேபிள் கார் பலதும் நிறுத்தி கம்பி, சக்கரம், பிரேக்னு ஒவ்வொண்ணா சோதிப்பாங்க, ஓட்டல் பாதி மூடிடும், கடைக்காரங்க லீவுல போயிடுவாங்க. டூர் கம்பெனிக்காரங்க அந்த மாசத்துல வராதீங்கன்னுதான் சொல்லுவாங்க. அண்ணைக்கு அதுதான் ஓய்வு மாசம், மத்த நாளெல்லாம் அடுப்படிதானே. அப்ப ஃபிர்ஸ்டுக்கு 1947-ல போட்டு முடிச்ச பழைய சேர் லிஃப்ட் ஓடிட்டிருந்துச்சாம், பக்கவாட்டுல பாத்து உக்காருற மாதிரி சீட், குளிருக்கு மேல போத்திக்க ஒரு துணி குடுப்பாங்களாம், 1991-ல அதை எடுத்துட்டு கோண்டோலா வெச்சாங்க. முதல் சம்பளத்துல அதுல தனியா ஏறிப் போனதைச் சொல்றப்ப அவர் குரல் மாறிடும். "கீழ ஒரே சத்தம், சட்டி, பானை, முதலாளி. மேல ஒரு சத்தமும் இல்லை. ஊரை விட்டு வந்த பிறகு முதல் தரம் அண்டைக்குத்தான் நான் அழுதனான்" அப்படின்னார். நான் பதில் எதுவும் சொல்லல.

அவர் பேச்சைக் கேட்டு அடுத்த மே மாசம் போனேன். கீழ பள்ளத்தாக்கு முழுக்க பச்சை, டான்டிலயன் மஞ்சள், 1,800 மீட்டருக்கு மேல இன்னும் பனி. அந்தப் பனி கரையுற விளிம்புல, கரைஞ்சும் கரையாம இருக்குற இடத்துல, பனியையே ஓட்டை போட்டுக்கிட்டு வெள்ளையும் ஊதாவுமா குங்குமப்பூ ஜாதிப் பூ ஆயிரக்கணக்குல நிக்குது. ரெண்டு மூணு நாள்தான், அப்புறம் அந்த விளிம்பு மேல நகந்துடும், பூவும் கூடவே நகரும். மார்மோட்டுன்னு பெரிய மலை அணில் ஜாதி ஒண்ணு அக்டோபர்லருந்து ஏப்ரல் வரைக்கும் வளைக்குள்ள தூங்கிட்டு அப்பத்தான் வெளிய வந்து எலும்பும் தோலுமா கல்லு மேல உக்காந்து விசில் அடிக்கும். நாள் பூரா தண்ணி சத்தம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓடை. மேல் பாதையில பனிச்சரிவு விழுற ஆபத்து மே மாசத்துலயும் உண்டு, அதனால கீழ் பாதை மட்டும்தான், பனியாத்துப் பள்ளம், பஸ் போற ரோடு, காட்டுப் பாதை. நான் அன்னிக்கு நாலு மணி நேரம் நடந்ததுல எதிர்ல வந்தது மூணு பேர், மூணு பேரும் "குருயெஸ்ஸெக்"னு வணக்கம் சொல்லிட்டுப் போனாங்க.

ஜூன்ல அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. அப்பா காங்கேயம் பக்கம், மாடு வளத்தவர். அவரை யுங்ஃப்ரவ்யோக் கூட்டிட்டுப் போனேன், பனியைத் தொட்டுப் பாத்தார், நல்லாருக்குன்னார், அவ்வளவுதான். மறுநாள் மேன்லிஷனுக்குக் கேபிள் கார்ல ஏறி அங்கருந்து க்ளைன ஷைடெக் வரைக்கும் போற பனோரமா பாதையில நடந்தோம், 4.4 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம், வயசானவங்களும் ஒண்ணரை ரெண்டு மணி நேரத்துல நடந்துடலாம், எதிர்லயே ஐகர், மோங்க், யுங்ஃப்ரவ் மூணும் வரிசையா நிக்கும். அம்மா மலையைப் பாத்தாங்க. அப்பா கீழ புல்லைப் பாத்துட்டு வந்தார். நடுவுல ஒரு மாட்டு மந்தை பாதையை மறிச்சு நின்னுச்சு, கழுத்து மணி ஒவ்வொண்ணும் ஒரு சுருதி. கன்னுக்குட்டியோட நிக்குற மாட்டுக்குக் கிட்ட போகாதீங்கன்னு அங்க போர்டே வெச்சிருப்பாங்க, நாய் கூட்டிட்டுப் போனா இன்னும் ஜாக்கிரதை, அதனால நான் சுத்திப் போலாம்னேன். அப்பா எங்க கேட்டார், நின்ன இடத்துலயே ஒரு நாக்குச் சத்தம் குடுத்தார், ஊர்ல குடுக்குற அதே சத்தம், முன்னாடி நின்ன மாடு தலையைத் தூக்கிப் பாத்துட்டு மெதுவா ஒதுங்குச்சு.

வேலி ஓரமா மாட்டுக்காரர் ஒருத்தர் கம்பி சரி பண்ணிட்டிருந்தார், அண்ணைக்குத் தெரிஞ்ச ஆளு, அவர்தான் பின்னாடி நான் அக்டோபர்ல கம்பு பிடுங்கின பெரியவர். அன்னிக்குத் தற்செயலா ஆரம்பிச்ச பேச்சு.

"ஏங்கண்ணு, இந்தக் காட்டுல எத்தன உருப்படி உடுவாங்கன்னு கேளு"ன்னார் அப்பா. கேட்டேன். பெரியவர் எண்ணிக்கை சொல்லல, விதியைச் சொன்னார். இந்தப் பள்ளத்தாக்குல ஏழு மேய்ச்சல் சங்கம் இருக்கு, பாக், புஸ்ஆல்ப், கிரிண்டல், ஹோல்ஸ்மாட்டன், இட்ராமன், ஷைடெக், வேர்கிஸ்டால். மேல்மலை மேய்ச்சல் யாருக்கு எவ்வளவுன்னு 1404-லயே எழுதி வெச்ச ஒப்பந்தம் உண்டு. அடிப்படை ஒண்ணுதான், குளிர்காலம் பூரா உன் கீழ் நிலத்து வைக்கோலை, அதாவது வெட்டிக் காயவெச்ச புல்லை, வெச்சு எத்தனை மாட்டைக் காப்பாத்த முடியுமோ அத்தனை மாட்டைத்தான் கோடையில மேல ஓட்டிட்டு வரலாம். வெளியிலருந்து மாடு வாங்கிட்டு வந்து மேல விட முடியாது. நான் அதைத் தமிழ்ல சொல்ல சொல்ல அப்பா தலையாட்டிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார், "நம்ம கொறங்காட்டுலயும் அதேதான் கண்ணு. கிளுவ வேலி கட்டி, காட்டப் பிரிச்சுப் பிரிச்சு உடோணும். மழ பேஞ்சு புல்லு தலையெடுக்கறதுக்கு முந்தி உட்டம்னா காடு கெட்டுப் போயிருமல்ல." நான் கொறங்காட்டுக்கு, அதாவது எங்க ஊர் மேய்ச்சல் காட்டுக்கு, ஜெர்மன்ல வார்த்தை தேடிட்டு நிக்குறப்பவே பெரியவரு அப்பா கையைப் பாத்து, கொழுக்கட்டைப் புல்லு இத்தனை உயரம் வரணும்னு காட்டின அளவைப் பாத்து, தன் முட்டிக்குக் கீழ கையை வெச்சு இங்க இத்தனைன்னார். என் மொழிபெயர்ப்பு அதுக்கப்புறம் தேவைப்படல. அரை மணி நேரம் ரெண்டு பேரும் புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் பேசிட்டிருந்தாங்க, அம்மா ஒரு கல்லு மேல உக்காந்து புளிசாதத்தைப் பிரிச்சுட்டாங்க.

அன்னிக்கு அந்தப் பெரியவர் சொன்ன இன்னொண்ணு எனக்குப் பின்னாடிதான் முழுசா வெளங்குச்சு. ஸ்கீ கம்பெனிக்கும் அவங்களுக்கும் ஓயாத பேச்சுவார்த்தை. பனி மெலிசா இருக்குறப்ப ஸ்கீ ஓட்டினா, இயந்திரம் ஓட்டினா புல்லு வேரோட போயிடும், மே மாசத்துல அந்த இடம் மொட்டையா நிக்கும், வைக்கோல் கொறையும், வைக்கோல் கொறைஞ்சா மாடு கொறையும். அவரோட மகனும் குளிர்காலத்துல லிஃப்ட்லதான் வேலை பாக்குறார், கோடையில மாடு. ஊர்ல பல குடும்பம் இப்படித்தான், டிசம்பர்ல உங்களுக்கு ஸ்கீ சொல்லிக் குடுக்குற டீச்சர் ஆகஸ்ட்ல வைக்கோல் வண்டி ஓட்டுவாங்க. அதனால மூடின பாதைன்னு கயிறு கட்டியிருந்தா தயவு செஞ்சு தாண்டாதீங்க, உங்க உசுருக்காக மட்டும் இல்ல, அடியில ஒருத்தரோட வைக்கோல் இருக்கு.

கோடையில செய்யுறதுக்கு எக்கச்சக்கம், எல்லாம் எழுதினா முடியாது. சுவிஸ் முழுக்க 65,000 கிலோமீட்டர் நடைபாதை இருக்கு, பலகையைப் படிக்கத் தெரிஞ்சா போதும். வெறும் மஞ்சள்னா யாரும் போலாம், வெள்ளை சிவப்பு வெள்ளைன்னா மலைப் பாதை, நல்ல ஷூ வேணும், தலை சுத்தல் இருக்கக் கூடாது, வெள்ளை நீலம் வெள்ளைன்னா கயிறு, பனியாறு எல்லாம் வரும், பழகாதவங்க வேண்டாம். குளிர்காலத்துல அதே இடத்துல ரோஸ் கலர் பலகை நடுவாங்க, அது பனியில நடக்குற பாதை. ஃபிர்ஸ்ட்லருந்து பாக்ஆல்ப்சே ஒரு மணி நேரம், ஜனவரில வெள்ளைத் தட்டா இருந்த ஏரியில ஷ்ரெக்ஹோர்ன் மலை தலைகீழாத் தெரியும், காலைல எட்டு மணி வண்டியில போங்க, காத்து கெளம்பிட்டா பிம்பம் கலைஞ்சிடும். பிள்ளைங்க இருந்தா இறங்குறப்ப ஷ்ரெக்ஃபெல்ட் ஸ்டேஷன்லருந்து மவுன்டன் கார்ட், போர்ட் ஸ்டேஷன்லருந்து ட்ரொட்டி பைக், நின்னுக்கிட்டே ஓட்டுற பெரிய ஸ்கூட்டர், என் பொண்ணுக்கு அதுதான் சுவிட்சர்லாந்து. சைக்கிள்காரங்களுக்கு க்ரோஸ ஷைடெக், 1,962 மீட்டர், தனியார் கார் விடமாட்டாங்க, பஸ்ஸும் சைக்கிளும் மட்டும். மலை ஓட்டக்காரங்களுக்கு ஜூலைல ஐகர் அல்ட்ரா ட்ரெயில், நீளமானதுல ஒண்ணு 101 கிலோமீட்டர்.

ஐகர் ட்ரெயில் மட்டும் கொஞ்சம் நின்னு சொல்றேன். ஐகர்கிளெட்ஷர் ஸ்டேஷன்லருந்து ஆல்பிக்ளன் வரைக்கும் 6 கிலோமீட்டர், வடக்குச் சுவருக்கு நேர் கீழ. 1,800 மீட்டர் சுவர், 1938 ஜூலைல ஹெக்மயர், ஃபோர்க், ஹாரர், காஸ்பாரெக் நாலு பேரும் முதல் தடவை ஏறினாங்க, அதுக்கு முன்னாடி முயற்சி பண்ணின பலர் இதுலயே செத்துப் போனாங்க. கழுத்தை முழுக்கச் சாய்ச்சாலும் முடிவு தெரியாது. மேல எங்கயோ கல்லு உருளுற சத்தம் கேட்டுட்டே இருக்கும்.

அந்த ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழ ஃபால்போடன்சேன்னு ஒரு ஏரி, கோடையில ஜனங்க ஷூவைக் கழட்டிட்டுக் காலை விட்டு உக்காந்திருப்பாங்க. அது இயற்கை ஏரி இல்ல. செயற்கைப் பனி தெளிக்கத் தண்ணி தேக்குறதுக்காகக் கட்டினது. ஜூலைல நீங்க கால் நனைச்ச தண்ணிதான் டிசம்பர்ல உங்க ஸ்கீக்கு அடியில வரும். இது ஏன் தேவைப்படுதுன்னு கிரிண்டல்வால்டுக்காரங்களுக்கு யாரும் சொல்ல வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டுல கீழ்ப் பனியாறு ஊர் வரைக்கும் இறங்கி வந்து நின்னுச்சு, அதுலருந்து ஐஸ் வெட்டி வெளியூருக்கே அனுப்பினாங்க. இப்ப அந்த இடத்துல வெறும் பாறைப் பள்ளம், காசு குடுத்து உள்ள போய்ப் பாக்குற இடம், அழகான இடம்தான், ஆனா சுவத்துல பனி உரசின தடம் தலைக்கு மேல எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாத்தா வயித்தைப் பிசையும். பனி தாங்கிப் பிடிச்ச பக்கவாட்டு மண்மேடு சரிஞ்சதுல 2005-ல ஷ்டீரெக் மலைச் சாப்பாட்டுக் கடையைக் கைவிட வேண்டியதாச்சு, 2006 ஜூலைல ஐகரோட கிழக்குப் பக்கப் பாறை பெருசா இடிஞ்சு விழுந்து ஊரே தூசியில மறைஞ்சுது. 2022, 2023 ரெண்டே வருஷத்துல சுவிஸ் பனியாறுகள் பருமன்ல 10 சதவீதம் போயிடுச்சு. என் பொண்ணு பெரியவளாகி வர்றப்ப போட்மில ஸ்கீ இருக்குமான்னு நான் யோசிக்காத நாள் இல்ல.

செப்டம்பர்ல மாடு கீழ இறங்கும். அதைப் பாக்க ஒரு தடவையாவது வாங்க. தலையில பூ கட்டி, பெரிய பெரிய மணி கட்டி, நல்லா பால் குடுத்த மாட்டுக்கு எல்லாத்தையும் விடப் பெரிய கிரீடம், ரோடு பூரா மணி சத்தம், பஸ் கார் எல்லாம் நின்னு வழி விடும். வீடியோ கால்ல காட்டினேன், "மாட்டுப் பொங்கலாட்டம்"ன்னு சொல்லிட்டு அப்பா அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்ல. அக்டோபர்ல பள்ளத்தாக்குல மூடுபனி நிரம்பி மேல வெயில் அடிக்கும், ஃபிர்ஸ்ட்ல நின்னா கீழ வெள்ளைக் கடல் மாதிரி இருக்கும். சில நாள் தெற்குலருந்து ஃபோன்னு ஒரு சூட்டுக் காத்து இறங்கும், மலை கைக்கெட்டுற தூரத்துல நிக்குற மாதிரித் தெரியும், எனக்குத் தலை வலிக்கும், 1892-ல அந்தக் காத்துலதான் தீப்பிடிச்சு ஊர்ல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. மேல் மலையிலருந்து வந்த மாடு அக்டோபர் பூரா கீழ் நிலத்துல மேயும், அதுக்குப் போட்ட வேலியைத்தான் நாங்க பிடுங்கினது.

அன்னிக்கு சாயங்காலம் கடைசிக் கட்டை அடுக்கி முடிச்சதும் பெரியவர் கொட்டாய்க் கதவுல சாக்பீஸால எண்ணிக்கை எழுதினார், 214. பக்கத்துல போன வருஷ எண்ணும் அதுக்கு முந்தின வருஷ எண்ணும் மங்கலா இருந்துச்சு. அண்ணை அடுப்பு மூட்டி ரசம் வெச்சிருந்தார், பெரியவர் ரெண்டு கப் குடிச்சார், மிளகு காரத்துல கண்ணுல தண்ணி வந்தும் மூணாவது கேட்டார். வெளிய இருட்டிடுச்சு, ஐகர் மேல மேகம் இறங்கிட்டிருந்துச்சு, காலைல ஆயிரத்து ஐநூறு மீட்டர் வரைக்கும் பனி விழும்னு சொன்னார்.

போன வாரம் கோயம்புத்தூர்லருந்து அத்தை பொண்ணு கேட்டா, எந்த மாசம் வரட்டும்னு. மே மூணாவது வாரம்னு போட்டேன். கேபிள் கார் பாதி ஓடாது, மழை வரும், ஆனா பனி விளிம்புல பூ இருக்கும், அந்த வாரம்தான் 214 கம்பையும் திரும்ப நடணும். கையுறை வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்.